ஓய்வுக்கு ஓர் ஊர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. படிக்கும் மாணவன் ஓய்வுக் காலத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். வேலையே இன்னும் கிடைக்கவில்லை, அதற்குள் ஓய்வா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஓய்வு பெறப்போவது நானல்ல, என் தந்தையார். இனி எங்கே குடியிருப்பது என்ற பேச்சு எங்கள் வீட்டில் இரண்டாண்டுகளாக நடந்துவருகிறது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். ஆகவே, "நீ படிச்ச பிள்ளை, நீயே நாலு இடத்துல விசாரிச்சுச் சொல்லு" என்று அந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. விசாரித்தேன். அதில் தெரிந்துகொண்டவை மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது ஆண்டுகளாக மும்பையில், தாராவியில் தங்கி, ஓர் உணவு விடுதியில் சமையல் வேலை பார்த்து வருகிறார். நெல்லைச் சீமைக் கிராமங்களிலிருந்து தாராவிக்குப் பிழைக்கப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் அவரும் ஒருவர். ஆண்டுக்கு ஒருமுறை, மழையால் விடுதியில் வியாபாரம் மந்தமாகும் நாட்களில் ஊருக்கு வருவார். அங்கே மழைக்காலம் என்றால் இங்கே சாரல் காலம். தென்காசியில் ரயிலைவிட்டு இறங்கும்போதே முகத்தில் தூறல் விழும். மேற்கே மலை தெரியாதபடி மேகம் மூடியிருக்கும். வந்த மறுநாளே எங்களைக் குற்றாலத்துக்கு அழைத்துச் செல்வார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் குளிப்பார். திரும்பும்போது மங்குஸ்தான் பழம் வாங்கித் தருவார். பிறகு மும்பைக்கு ரயில் ஏறிவிடுவார்.

அவருடைய ஆசை பெரிய ஆசை அன்று. தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் பாதையை ஒட்டி மூன்று சென்ட் நிலம், அதில் ஒரு சிறு வீடு, வாசலில் ஒரு நாற்காலி. முப்பது ஆண்டுச் சேமிப்பு முழுவதும் அதற்குச் செலவாகிவிடும். அப்படிச் செலவழிந்தால் மீண்டும் சேர்க்க வயது இல்லை. ஆகவே இது ஒரே ஒருமுறை எடுக்கக்கூடிய முடிவு.

அம்மாவுக்கு அதில் சம்மதம் இல்லை. தென்காசிக்கு வடக்கே உள்ள எங்கள் கிராமத்தைவிட்டு வரமாட்டேன் என்கிறார். இருவருக்கும் நடுவில் நான்.

முதுமைக்கு ஊர் தேடும் பழக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. கடைசிக் காலத்தைக் காசியில் கழிக்க வேண்டும் என்று எண்ணியவர்கள் தொன்றுதொட்டு இருந்திருக்கிறார்கள். நடந்தும் வண்டியிலும் அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தவர்கள் சிலர். வழியிலேயே மாண்டவர்கள் பலர். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் சிற்றாற்றங்கரையில் காசி விசுவநாதருக்குக் கோயில் எடுத்தான். காசிக்குப் போக முடியாத தென்னாட்டாருக்காகவே அவன் அதைக் கட்டினான் என்பது நம் பக்கத்தில் வழங்கும் கதை. அந்தக் கதையில் ஒரு நல்ல கருத்து இருக்கிறது. முதியவரை ஊருக்கு இழுத்துச் செல்வதைவிட, ஊரை முதியவருக்கு அருகில் கொண்டுவருவது மேல். தென்காசி என்னும் பெயரே எங்கள் வீட்டுக் கேள்விக்குப் பழைய காலம் சொன்ன ஒரு விடை எனலாம்.

இக்காலத்தில் மேலைநாட்டார் வேறு விடை கண்டார்கள். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் 1960ஆம் ஆண்டு சன் சிட்டி என்ற குடியிருப்பைத் திறந்தார்கள். முதியவர்களுக்கென்றே அமைந்த ஊர் அது. ஓய்வு பெற்றோர்க்கான இத்தகைய குடியிருப்புகள் இன்று நம் கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் பல இருக்கின்றன. காரணம் இல்லாமல் இல்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போய்விட, தாங்கள் எங்கே இருப்பது என்ற கேள்வி அந்த முதியவர்களைத் தேடி வருகிறது.

குற்றாலத்தை நாடி வருபவர்களும் இருக்கிறார்கள். கோடை விடுமுறையிலும் சாரல் நாட்களிலும் ஐந்தருவிச் சாலையில் உறவினர் ஒருவரின் தேநீர்க் கடையில் நான் உதவி செய்வதுண்டு. பிற ஊர்களிலிருந்து வந்து இங்கே வீடு கட்டிக்கொண்ட ஓய்வுபெற்றோர் சிலர் அங்கே பழக்கமானார்கள். அவர்களிடம்தான் என் விசாரணையைத் தொடங்கினேன்.

முதலாமவர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தலைமையாசிரியர். ஓய்வு பெற்ற மறு ஆண்டே வந்துவிட்டார். காலையில் அருவிக் குளியல், மாலையில் கோயில் வாசல் காற்று என்று முதல் ஆண்டு இன்பமாகக் கழிந்ததாம். இப்போது எப்படி என்று கேட்டேன். "அருவிக்குப் போய் ஏழு மாசம் ஆச்சு தம்பி. சீசன்ல கூட்டத்துக்குள்ள நிக்க முடியல. சீசன் இல்லாதப்ப தண்ணி இல்ல. இப்ப முழங்கால் வேற ஒத்துழைக்கல" என்று சிரித்தார். அப்படியானால் வந்தது வீண்தானா என்று கேட்டேன். இல்லை என்றார். நாள்தோறும் பேருந்தேறித் தென்காசி நூலகத்துக்குப் போகிறார். செய்தித்தாள் மேசையில் அவருக்கு நான்கு நண்பர்கள் கிடைத்திருக்கிறார்கள். "அவுங்களுக்காகத்தான் இருக்கேன்" என்றார்.

இரண்டாமவர் சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மையார். கணவர் நல்ல பதவியில் இருந்தவர். மலை தெரியும்படி மாடி கட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம். கட்டி முடித்த மூன்றாம் ஆண்டில் ஓர் இரவு அவருக்கு மார்பு வலி வந்தது. புதுக் குடியிருப்பு, இரு புறமும் பூட்டிய வீடுகள். அவை சீசனுக்கு மட்டும் திறப்பவை. யாரை அழைப்பது என்று தெரியாமல் கால்மணி நேரம் வாசலில் நின்றதாக அந்த அம்மையார் சொன்னார். பின்னர் ஆம்புலன்ஸ் வந்தது. தென்காசி அரசு மருத்துவமனையில் முதலுதவி செய்து திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அவர் பிழைக்கவில்லை. "மலையைப் பாத்து வீடு கட்டினோம். பக்கத்து வீட்டைப் பாக்கல" என்றார். அந்த ஆண்டே வீட்டைப் பூட்டிவிட்டு மகளிடம் போய்விட்டார்.

மூன்றாமவரை ஓய்வுபெற்றவர் என்று சொல்ல முடியாது. பேரருவிக்கு அருகில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற பெரியவர். வயது எழுபது இருக்கும். "உங்களுக்கு எப்போது ஐயா ஓய்வு?" என்று கேட்டேன். "தண்ணி நின்னா ஓய்வு. தண்ணி விழுந்தா வேலை" என்றார். நமக்கு ஓய்வளிக்கும் அதே அருவி அவருக்குப் பிழைப்பளிக்கிறது. குற்றாலத்தில் ஓய்வு எடுக்க வருகிறவர்களுக்கும் குற்றாலத்தில் பிறந்தவர்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அந்த ஒரு விடையில் புரிந்துகொண்டேன்.

குற்றாலம் மலைமேல் உள்ள ஊர் அன்று, மலையடிவாரம். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் திறந்திருப்பதால் தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நுழைகிறது. மலைக்கு அப்பால் பெருமழை பெய்யும்போது இப்பால் நமக்குச் சாரல் கிடைக்கிறது. ஆனி, ஆடி, ஆவணி என்று மூன்று மாதம் இந்தச் சுகம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அப்போது அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை. தை பிறந்தபின் நீர் குறையத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் பாறைதான் மிஞ்சும். கோடை மழையையும் நம்ப முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் பதினேழு வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஆகவே ஆண்டில் மூன்று மாதமே அது எல்லாரும் பாடுகிற குற்றாலம். எஞ்சிய ஒன்பது மாதமும் அது நம் ஊரைப் போன்ற ஓர் ஊர். அங்கே குடியிருக்கப் போகிறவர் அந்த ஒன்பது மாதத்தோடுதான் வாழ வேண்டும்.

அப்படியானால் குற்றாலத்தில் முதுமையை நிறைவாகக் கழித்தவர் யாருமே இல்லையா? இருக்கிறார். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரை நம் தமிழ்த் துறை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். சட்டம் படித்தவர், 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையராகப் பணியாற்றினார். அதற்கு முன்பே திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிக் கம்பனையும் பிற கவிஞர்களையும் சுவைத்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்று பெயர் நிலைத்தது. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் குடியேறினார். 1954இல் மறையும் வரை அதுவே அவர் ஊர். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக் குற்றாலத்துக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கு விருந்தும் கவிதையும் சேர்ந்தே கிடைத்தன. வராதவர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். அக்கடிதங்கள் பின்னர் நூலாகவும் வந்தன.

டி.கே.சி. குற்றாலத்துக்குத் தனியாக வரவில்லை என்பதே இதில் நான் கண்டது. வட்டத்தொட்டியும் அவரோடு வந்தது. அருவி வற்றிய மாதத்திலும் அவர் வீட்டில் பேச்சு வற்றவில்லை. அந்த ஊரை அவருக்கு இனிய ஊராக்கியதில் தண்ணீருக்குப் பாதிப் பங்கு, வாசலில் வந்து நின்ற மனிதர்களுக்குப் பாதிப் பங்கு.

இந்தக் கண்டுபிடிப்பை மகிழ்ச்சியோடு அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்போது மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். கை நிற்காமலே கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவுக பெரிய மனுசர். அவுக எங்க இருந்தாலும் தேடி ஆள் வரும். நம்மளைத் தேடி யாருய்யா வருவா? ஆள் இருக்கிற இடத்துலதான் நாம இருக்கணும்."

நூலகத்தில் நான் பல நாள் தேடியதை அம்மா ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அவர் மறுப்பின் பொருளும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் தெருவில் நண்பகல் கழிந்ததும் ஏழெட்டுப் பெண்கள் வேப்பமர நிழலில் சுளகோடு வந்து உட்காருவார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் பங்கு இலையை மற்றவர்கள் வெட்டிக் கொடுப்பார்கள். மாலையில் பீடிக்கடைக்கு ஒன்றாகப் போய்க் கட்டுகளைக் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கி வருவார்கள். அம்மாவின் வட்டத்தொட்டி அதுதான்.

அதில் பொருளாதாரமும் இருக்கிறது. பீடித் தொழிலாளருக்கென்று 1966இல் தனிச் சட்டம் வந்தது. 1977இல் வருங்கால வைப்புநிதி கிடைத்தது. 1995இல் அதோடு ஓய்வூதியத் திட்டமும் சேர்ந்தது. ஐம்பத்தெட்டு வயதில் அம்மாவுக்கும் ஓய்வூதியம் வரும். ஆனால் அந்தத் திட்டத்தில் 2014இல் நிர்ணயித்த குறைந்த அளவு மாதம் 1,000 ரூபாய். அம்மாவைப் போன்றவர்களுக்கு அந்த அளவை ஒட்டித்தான் கிடைக்கிறது. அப்பாவுக்கு அதுவும் இல்லை. அறுபது வயது வரை அரசுப் பணி செய்து ஓய்வூதியம் பெறுகிறவர் ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். கை ஓயும் வரை சுற்றுகிறவருக்குப் பீடிக்கடை இருக்கும் ஊரே ஊர்.

அம்மா பக்கம் நியாயம் என்று முடிவுசெய்து அப்பாவிடம் செல்பேசியில் எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ சொல்லுதது சரிதாம்லே. அம்மாவுக்கு அங்க ஆள் இருக்கு. எனக்கு ஊர்ல யாரைத் தெரியும்? அருவியத்தான் தெரியும்" என்றார்.

எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. பிறந்த ஊர் என்பதால் அப்பா அங்கே எளிதாகப் பொருந்திவிடுவார் என்று நாங்கள் எல்லாரும் எண்ணியிருந்தோம். அவரோடு பள்ளியில் படித்தவர்களில் பாதிப் பேர் ஊரில் இல்லை. இருப்பவர்களுக்கு அவர் ஆண்டுக்குப் பத்து நாள் வந்துபோகும் விருந்தாளி. முப்பது ஆண்டுகள் அவரோடு ஒரே அறையில் படுத்து எழுந்த நண்பர்கள் தாராவியில் இருக்கிறார்கள். அவர் ஊர் திரும்புவதும் ஒரு புது ஊருக்குக் குடிபெயர்வதுதான். குற்றாலத்தில் வீடு கட்டிய சென்னை அதிகாரிக்கும் எங்கள் கிராமத்துக்கு வரப்போகும் என் அப்பாவுக்கும் இந்த ஒரு விஷயத்தில் வேறுபாடு இல்லை.

ஆனால் புது ஊரில் முதுமையில் வேர்விட முடியாது என்பதும் இல்லை. எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கோவில்பட்டிக்கு அருகில் இடைசெவலில் பிறந்து கரிசல் மண்ணில் வாழ்ந்தவர். பள்ளிப் படிப்பைக்கூட முழுதாக முடிக்காத அவர், மற்றவர்கள் ஓய்வுபெறும் வயதைத் தாண்டியபின், 1989இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியரானார். அதன்பின் புதுச்சேரியிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2021 மே மாதம் அங்கேயே மறைந்தார். நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டும் வேலை அவருக்கு அங்கே இருந்தது. வாசகர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இறுதிச் சடங்கு மட்டும் இடைசெவலில் நடந்தது. அவருக்குச் சொந்த ஊர் தராத ஒன்றைப் புதிய ஊர் தந்திருக்க வேண்டும். செய்ய ஒரு வேலையும் பேச நாலு பேரும் இருந்தால் அறுபதுக்கு மேலும் ஓர் ஊர் தன் ஊராகும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

இத்தனையையும் சேர்த்து வைத்து நான் சொன்ன யோசனை இதுதான். நிலம் இப்போது வாங்க வேண்டாம். சேமிப்பு வங்கியிலேயே இருக்கட்டும். அப்பா இந்த ஆண்டு ஆனியில் வர வேண்டாம், பங்குனியில் வரட்டும். சாரல் இல்லாத, பாறை தெரிகிற குற்றாலத்தை ஒருமுறை பார்க்கட்டும். கிராமத்தில் இரண்டு மாதம் தொடர்ந்து இருந்து பார்க்கட்டும். அதன் பிறகும் மலையடிவாரம்தான் வேண்டும் என்றால், ஓராண்டு வாடகை வீட்டில் இருந்து பார்த்தபின் முடிவுசெய்யலாம். அப்பா ஒப்புக்கொண்டார். "வரட்டும், வெயிலையும் பாக்கட்டும்" என்று அம்மாவும் சொல்லிவிட்டார்.

நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாளை நமக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைக்கும். அப்போது பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்வதையே பெரிய கடமையாக நினைப்போம். அது அன்புதான். ஆனால் அவர்களுடைய வேப்பமர நிழலையும் நூலக மேசையையும் நம்மால் பெட்டியில் கட்டிக்கொண்டு போக முடியாது. அழைப்பதற்கு முன் அவர்களைக் கேட்போம். அம்மாவை ஒரு முறை, அப்பாவை ஒரு முறை, தனித்தனியாகக் கேட்போம். இருவர் விடையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அப்பா பங்குனி முதல் வாரம் வருகிறார். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் மாலை நேரத்தில் பெரியவர்கள் ஐந்தாறு பேர் கூடுவார்கள். அவர்களில் இருவர் இளமையில் மும்பையில் இருந்து திரும்பியவர்கள் என்று சென்ற வாரம்தான் எனக்குத் தெரியவந்தது. அப்பா வந்ததும் முதலில் அவரை அங்கே அழைத்துச் செல்வதாக இருக்கிறேன்.